சின்னம்மாவின் கணினியும் ஸ்டார்ட்டப் பட்டியலும்

திருகோணமலை உப்புவெளியில் என் சின்னம்மா வீட்டின் முன்னறையில் டைப்பிங், போட்டோக்கொப்பி வேலை செய்கிறார். ரியூஷன் பிள்ளைகளின் வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு, வேலை விண்ணப்பம் எல்லாம் ஒரே ஒரு பழைய கணினியில்தான் நடக்கின்றன. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வின்டோஸ் 10. காலையில் போட்டால் டெஸ்க்டொப் படம் ஓரளவு சீக்கிரமாகவே வந்துவிடும். வேர்டைத் திறந்து முதல் வரியை அடிக்கத்தான் முடியாது. மவுஸ் அசையும், வேறொன்றும் அசையாது. அதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றுவிடுவார்கள்.

ஒரு கடையில் கேட்டதற்கு, ஃபோர்மட் அடித்தால் சரியாகும் என்றார்களாம். சின்னம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. வருடக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்கள், கைக்குப் பழகிய பாமினி என்ற தமிழ் விசைப்பலகை, பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். "நீ ஒருக்காப் பார் தம்பி. ஏலாட்டிக் கடைக்குக் குடுப்பம்" என்றார். ஃபோர்மட் செய்தால் வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் கூடுவதற்குப் பெரிய காரணம், சேர்ந்துகிடந்த மென்பொருட்கள் அதோடு போய்விடுவதுதான். அதை மட்டும் கையால் செய்ய முடிந்தால் மற்றதையெல்லாம் ஏன் இழக்க வேண்டும்?

கணினியைப் போட்டவுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். சிபியு 30 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையில் நின்றது. டிஸ்க் என்ற நிரலோ (கொலம்) 100 சதவீதத்தில் நின்று இறங்கவே இல்லை. பெட்டியில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று சத்தம். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்ற, ஒரு முள் அங்குமிங்கும் ஓடித்தான் வாசிக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மென்பொருட்கள் வாசிக்கக் கேட்டால், ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருக்கும் தபால் கந்தோர்போலத்தான்: வேர்டும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். போதாததற்கு ரேம் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் வின்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் எழுதி வைக்கத் தொடங்கிவிடுகிறது.

அதே ஜன்னலில் மேலே 'ஸ்டார்ட்டப்' என்றொரு டாப் இருக்கிறது. கணினியைப் போட்டதும் தானாகத் தொடங்கும் மென்பொருட்களின் பட்டியல் அது. வின்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் 'எம்எஸ்கொன்ஃபிக்' என்று தேடித் திறந்தால் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'ஸ்டார்ட்டப் இம்பக்ட்' என்று ஹை, மீடியம், லோ போட்டிருக்கும். இது வின்டோஸ் அளந்து எழுதுவது. தொடங்கும்போது ஒரு மென்பொருள் ஒரு செக்கனுக்கு மேல் சிபியு எடுத்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் வாசித்து எழுதினாலோ ஹை. 'நொட் மெஷர்ட்' என்று கிடந்தால் இன்னும் அளக்கவில்லை என்று பொருள், பாரமில்லை என்றல்ல. நிரல் தலைப்பில் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் ஐஓ அட் ஸ்டார்ட்டப்' என்று இன்னொரு நிரலையும் சேர்க்கலாம். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஹை என்பது 4 எம்பிக்கும் ஹைதான், 60 எம்பிக்கும் ஹைதான்.

இணையத்தில் 'இவற்றை நிறுத்துங்கள்' என்று ஆயத்தப் பட்டியல்கள் நிறைய உலாவுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எது தேவை என்று அந்தக் கணினியில் வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் சின்னம்மாவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பெயராக வாசித்துக் கேட்டுக்கொண்டே போனேன்.

"இந்த வீடியோ கோல் சொஃப்ட்வெயார் பாவிக்கிறீங்களோ?"

"அது கொரோனா நேரம் பிள்ளையளுக்கு வகுப்பு நடந்தபோது போட்டது. இப்ப ஆர் பாவிக்கிறது?"

2020இல் போட்டது, அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எழும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு அடுத்து, ஃபைபர் வருவதற்கு முன் இன்டர்நெட்டுக்குப் பாவித்த டொங்கிளின் மென்பொருள். டொங்கிள் எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு, பழுதாகிக் கொடுத்துவிட்ட பிரிண்டரின் மை அளவு காட்டும் ஒன்று, பாட்டுக் கேட்கும் செயலி ஒன்று, பிடிஎஃப் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒன்று, சிடி எழுதும் மென்பொருளின் உதவியாளர் ஒன்று. பெயரின் மேல் ரைட் கிளிக், டிசேபிள். அவ்வளவுதான். டிசேபிள் செய்தால் மென்பொருள் அழியாது, தானாகத் தொடங்காது என்பது மட்டுமே. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். இதைச் சொன்ன பிறகுதான் சின்னம்மாவின் முகத்தில் இருந்த பயம் தெளிந்தது. டொங்கிள், பழைய பிரிண்டர் இரண்டினதும் மென்பொருட்களை அவரே அடியோடு எடுத்துவிடச் சொன்னார். அவற்றை செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டோல் செய்தேன்.

பட்டியலில் வெறுமனே 'ப்ரோக்ராம்' என்று வெள்ளை ஐகனோடு ஒன்று கிடந்தது. வெளியீட்டாளர் பெயரும் இல்லை. வைரஸோ என்று சின்னம்மா பதறினார். 'கொமாண்ட் லைன்' நிரலைத் திறந்து பார்த்தால், முன்பே அன்இன்ஸ்டோல் செய்த ஒரு மென்பொருளின் முகவரி. ஆள் போய்விட்டது, தொடக்கப் பதிவு மட்டும் மிச்சம். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் முகவரியைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. தெரியாத ஒரு ஃபோல்டரைக் காட்டினால் முதலில் வைரஸ் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கை வைக்காமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் இல்லாமல் சின்னம்மாவுக்கு ஒரு எழுத்தும் ஓடாது, அது இருக்கட்டும். வாட்ஸ்அப் ஹை என்று காட்டியது. பல கட்டுரைகள் அதை நிறுத்தத்தான் சொல்லும். ஆனால் ஆட்கள் இரவே அனுப்பிவிடும் ஃபைல்கள் காலையில் தயாராக இறங்கியிருப்பது அவருக்கு வேலை, அதனால் விட்டோம். சவுண்ட் டிரைவரோடு வந்ததையும், வின்டோஸ் செக்கியூரிட்டி என்பதையும் தொடவில்லை. பின்னது வெறும் ஐகன்தான், பாதுகாப்பு, பின்னணியில் ஓடும் சேர்விஸாக வேறாக ஓடுகிறது. நிறுத்தி மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. நிறுத்திய ஒவ்வொன்றின் பெயரையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பிறகு ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் தேடி அலையத் தேவையில்லை.

சோதிக்கும்போது ஷட் டவுன் கொடுத்துப் பார்க்காதீர்கள். வின்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினி ஷட் டவுனின்போது தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கும். ரீஸ்டார்ட்தான் முழுமையாக அணைத்துத் தொடங்கும். முன்னும் பின்னும் ரீஸ்டார்ட் செய்து, வேர்டில் ஒரு சொல் அடிக்கும்வரை ஃபோனில் நேரம் பிடித்தோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட வந்தது.

ஆனால் பிரவுசர் மட்டும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் தானாகத் திறந்தது. ஸ்டார்ட்டப் பட்டியலில் அது இல்லவே இல்லை! தேடிப் பிடித்ததில், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஒப்ஷன்ஸ், அங்கே 'ரீஸ்டார்ட் அப்ஸ்' என்றொரு சுவிட்ச். அணைக்கும்போது திறந்திருந்த செயலிகளில் சிலவற்றை மீண்டும் திறந்துவிடுவது அதன் வேலை. அதை நிறுத்தினேன். பிரவுசரின் சொந்த செட்டிங்ஸிலும், மூடிய பிறகு பின்னணியில் ஓடுவதற்கு ஒரு அனுமதி இருந்தது. அதையும் எடுத்தேன்.

இதற்கு மேலும் தோண்ட விரும்புகிறவர்களுக்கு ஓட்டோரன்ஸ் இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006இல் சிஸ்இன்டர்னல்ஸை மைக்ரோசொஃப்ட் வாங்கியது, இன்றும் அவர்களின் தளத்தில் இலவசம். டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்டப் டாப் காட்டாத டாஸ்க் ஷெட்யூலர் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), சேர்விஸ்கள் எல்லாவற்றையும் காட்டும். மைக்ரோசொஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் 'ஹைட் மைக்ரோசொஃப்ட் என்ட்ரீஸ்' என்பதைப் போட்டுவிட்டே பார்க்க வேண்டும். டிக்கை எடுத்தால் திரும்பப் போடலாம், டிலீட் செய்தால் போனதுதான். டொங்கிள் மென்பொருளின் ஒரு சேர்விஸ், அன்இன்ஸ்டோல் செய்த பிறகும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் டிக்கை மட்டும் எடுத்தேன்.

இப்போது எஞ்சியிருக்கும் தாமதம் ஹார்ட் டிஸ்க்கினுடையது. அதற்கு ஸ்டார்ட்டப் பட்டியலில் மருந்தில்லை. சுற்றும் தட்டு இல்லாத, வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, இருக்கும் வின்டோஸை அப்படியே அதற்குக் குளோன் செய்வதாகப் பேசியிருக்கிறோம். அப்படிச் செய்தால் எழுத்துருவும் பாமினியும் தொலைந்துபோகாது. இன்னொரு கவலையும் உண்டு. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இந்தக் கணினியோ வின்டோஸ் 11 ஏற்காது. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் வரை கிடைக்கும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து வைத்திருக்கிறோம். அதற்குள் சின்னம்மா கொஞ்சம் காசு சேர்த்துக்கொள்வார். புதிதாக எதை இன்ஸ்டோல் செய்தாலும் அன்றைக்கே ஸ்டார்ட்டப் டாபைத் திறந்து பார்க்கவும் பழகிவிட்டார். போன கிழமை வந்த புதுப் பிரிண்டரின் உதவியாளரை அவரேதான் டிசேபிள் செய்தார்.