இறங்கும்போது மட்டும் ரெண்டு படி

கோத்தகிரிப் பக்கம் கண் மருத்துவ உதவியாளர் வேலை. பெரும்பாலும் கண்ணாடி, கண்புரை என்றுதான் வருவார்கள். நடுவே யாராவது "ரெண்டு ரெண்டா தெரியுது சார்" என்றால் பவர் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடச் சொல்வேன். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் இரண்டு விழியும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மூடியும் ரெண்டாகவே இருந்தால் அநேகமாகப் புரையோ பவரோதான், சரி, பதற வேண்டாம்.

அப்புறம் எப்போது, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். மலைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள், ஊரே மேடும் பள்ளமும்தானே. கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா, ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது மட்டும் படி ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து தெரிகிறது என்றார். கீழே பார்த்தால் மோசமாகிறது என்றதும் மூளையிலிருந்து வந்து விழியை அசைக்கிற நரம்புகளில் நான்காவது நரம்பாக இருக்குமோ என்றுதான் தோன்றும், விழிக்கு ஆறு தசை இருந்தாலும் அதன் பொறுப்பில் இருப்பது ஒன்றே ஒன்று. பேசும்போதெல்லாம் தலை வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது. "கல்யாண போட்டோ இருக்காக்கா?" என்றேன். எதற்கென்று புரியாமல் மகனைப் பார்த்தார், அவன் செல்போனில் தேடிக் காட்டினான். மாலையும் கழுத்துமாக நிற்கிற படத்திலும் அதே சாய்வு. பிறவியிலேயே இருந்த பலவீனம், இத்தனை வருஷம் தலையைச் சாய்த்தே மூளை சமாளித்திருக்கிறது. ரெண்டு பிம்பத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற பிரிசம் கண்ணாடிக்கு அனுப்பினோம். படத்தில் தலை நேராக இருந்திருந்தால் தலையில் அடிபட்டதா, சர்க்கரை உண்டா என்று தோண்டியிருக்க வேண்டும்.

ஜீப் டிரைவர் என்றால் எதிரே தூரத்தில் வருகிற வண்டி பக்கம் பக்கமாக ரெண்டு, கையிலிருக்கிற பேப்பர் ஒன்று என்பார். விழியை வெளிப்பக்கம் இழுக்கிற ஆறாவது நரம்பு. சர்க்கரையால் வந்ததென்றால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே தெளியும், அதுவரை வண்டி எடுக்காதீங்க என்றால்தான் கோபம் வரும். தலைவலி, வாந்தி சேர்ந்தால் ஸ்கேன்தான்.

காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை தொங்கினால் நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை சீக்கிரம் களைத்துப்போகிற மயஸ்தீனியா நோயாக இருக்கலாம், 2 நிமிடம் ஐஸ் வைத்தால் இமை கொஞ்சம் தூக்கும். டிசம்பர் குளிரில் ஐஸ் கேட்டால் நர்ஸ் முறைப்பார்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது மூன்றாவது நரம்பு. இமை விழுந்து, விழி வெளியேயும் கீழேயும் ஒதுங்கி நிற்கும். டார்ச் அடித்ததும் கண்பாவை சுருங்கினால் சர்க்கரையாக இருக்கலாம். சுருங்காமல் விரிந்தே நின்றால், மூளையில் ரத்தக்குழாய் புடைத்து நரம்பை நெரிக்கிறதோ என்ற பயம்; வெடித்தால் உயிருக்கே ஆபத்து. "நாளன்னிக்கு கோயம்புத்தூர் போறோம் சார்" என்பவர்களிடம் வாதாடுவதில்லை, 108-க்குப் போன் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன்.