கிளப் பெட்டியைத் திறக்கும்போது

மேலாண்மைக் கல்லூரி கிளப்களின் ஆவணங்கள் தொலைவது பெரும்பாலும் பொறுப்பு கைமாறும்போதுதான். நிர்வாகிகள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். படிப்பு முடிந்து கல்லூரி மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால், அதோடு இருந்த கோப்புகளும் போச்சு. புதுச் செயலாளர் வரும் வாரத்திலேயே எல்லாவற்றையும் கிளப்பின் பொதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய ஆவணப் பெட்டி வந்து சேர்ந்தால் உடனே தேதிவாரியாக அடுக்க உட்காராதீர்கள். வந்த வரிசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடிதம் எந்தக் கூட்டத்துக்கானது என்பதற்குப் பல சமயம் அந்த வரிசை மட்டுமே சாட்சி. பிறகு ரப்பர் பேண்டு, துருப்பிடித்த குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றி, தாள்களை அமிலமற்ற உறையில் வையுங்கள். தெர்மல் தாள் (மையில்லாமல் வெப்பத்தால் அச்சாகும் தாள்) ரசீதுகளை அன்றே ஸ்கேன் செய்துவிட வேண்டும். நாளடைவில் அவற்றின் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். புகைப்படங்களுக்கு பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறை வேண்டாம், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். வெறுமனே 'கமிட்டி' என்று எழுதிய படத்தால் யாருக்கு என்ன பயன்?

முன்னாள் மாணவர் பட்டியலிலும் ரெஸ்யூமே தொகுப்பிலும் முகவரி, தொலைபேசி எண், சில சமயம் சம்பள விவரம்கூட இருக்கும். அவற்றுக்குத் தனிப் பெட்டி, தனி அனுமதி. நிகழ்ச்சிச் சுவரொட்டிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.