மணலில் கிணறு இறக்கியவர்

எங்கள் மூத்த பொறியாளர் காலமான அன்று, அவரிடம் வேலை கற்றவர்கள் பேசியதெல்லாம் அவர் கிணறு இறக்கிய விதத்தைப் பற்றித்தான்.

கொள்ளிடம் மாதிரியான மணல் ஆற்றில் பாலத்தின் தூண் பெரும்பாலும் கிணற்று அடித்தளத்தின் மேல்தான் நிற்கும்; அதாவது, ஆற்று மணலுக்குள் இறக்கிய, கிணறு போல உள்ளே குடைவான கட்டுமானம். அடியில் இரும்பு வெட்டு விளிம்பு, அதன் மேல் கர்ப் என்ற அடி வளையம், அதற்கு மேல் ஸ்டீனிங் எனப்படும் சுவர். உள்ளே கிராப் என்ற அள்ளும் வாளி மணலை அள்ள அள்ள, கிணறு தன் எடையிலேயே இறங்கும். ஒரு பக்கம் களிமண்ணோ புதைந்த மரமோ குறுக்கிட்டால் சாய்ந்துவிடும். சாய்வு 80 பங்கு உயரத்துக்கு 1 பங்கு, குறித்த இடத்திலிருந்து நகர்வு 150 மி.மீ., இதைத் தாண்டக் கூடாது. அவர் அந்த எல்லை வரை காத்திருந்ததே இல்லை. முதல் சில மீட்டரிலேயே நான்கு புள்ளிகளில் மட்டம் எடுப்பார். உயர்ந்து நிற்கும் பக்கத்தில் மணலைக் கூடுதலாக அள்ளச் சொல்வார். பாரமும் அந்தப் பக்கமே ஏற்றுவார். அதற்கும் மசியாவிட்டால் வெளிச்சுவரை ஒட்டித் தண்ணீர் பீய்ச்சி உராய்வைக் குறைப்பார். ஆழம் போய்விட்டால் மணல் இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

அவசரப்படுகிறவர்கள் உள்ளே நீரை இறைத்துவிட்டு ஆளை இறக்கப் பார்ப்பார்கள். வெளியே நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது உள்ளே வற்றினால், மணல் அடியிலிருந்து கொதித்து ஏறும். கிணறு திடீரென்று குதித்து இறங்கும். உள்ளிருப்பவருக்கு மேலே வர நேரமிருக்காது. அதனால் உள்மட்டம் வெளிமட்டத்துக்குக் கீழே போகவே விடமாட்டார். ஒப்பந்தக்காரர் நாள் கணக்கு பேசினால், "அவனுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்குங்க" என்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மட்டம் குறிக்கும் அவரது நோட்டின் பின்னட்டையில் இரண்டு மகள்களின் தேர்வு அட்டவணை ஒட்டியிருக்கும். கிணற்றின் அடியை அடைக்கும் அடிக்காங்கிரீட் போடும் நாளை அதைப் பார்த்துத்தான் குறிப்பார். ஆரம்பித்தால் இரவானாலும் நிறுத்த முடியாத வேலை அது. தண்ணீருக்கடியில் காங்கிரீட் இறக்கும் ட்ரெமி குழாயின் வாய் எப்போதும் காங்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். ஒருமுறை வெளியே வந்தாலும் சிமென்ட் கரைந்துபோய் ஜல்லிதான் மிஞ்சும். நீருக்கடியில் என்பதால் சிமென்ட் 10 சதவீதம் கூடுதல்.

ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டும் கதவணை வேலையில் அவர் கண், தண்ணீர் வழிந்து போகும் கீழ்ப்பக்கத்தில்தான். அங்கே 1.5 மீட்டர் சதுர காங்கிரீட் கட்டைகளை அடுக்கி, இடையில் 75 மி.மீ. இடைவெளி விட்டு கூழாங்கல் நிரப்புவோம். அடியில் ஊறும் தண்ணீர் அந்த வழியாக வெளியேற வேண்டும். கட்டைக்குக் கீழே பரப்பிய வடிகட்டி அடுக்கு மணலைத் தடுத்து நிறுத்த வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று மேஸ்திரி ஒருவர் இடைவெளிகளைச் சாந்தால் பூசிவிட்டார். அத்தனையையும் கொத்தி எடுக்கச் சொன்னார், மேஸ்திரியைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் கீழிருந்து தளத்தையே தூக்கும் என்று மணலில் படம் போட்டுக் காட்டினார். முக்கொம்பில் 1836-இல் மேலணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை நம் முன்னோரிடமிருந்தே கற்றதாக எழுதியதையும் அன்றுதான் சொன்னார்.

கசிவு நீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் அடியில் மணல் போய்க்கொண்டிருக்கிறது. கோடையில் குடும்பத்தோடு எந்த அணைக்குப் போனாலும், சாப்பாட்டுக் கூடையைத் திறக்கும் முன் கீழ்ப்பக்கம் இறங்கி உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திப் பார்ப்பாராம். "எங்களையும் பார்க்கச் சொல்வார்" என்றார் மூத்த மகள்.