ஃபிளீஸ் துணியின் நார் கடலுக்குப் போகாமல் தடுப்பது: திருப்பூர் ஃபினிஷிங்கில் நாங்கள் மாற்றியவை

திருப்பூரில் ஜம்மனை ஓடையில் விழுவது நொய்யலுக்குப் போகும். நொய்யல் ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்திலேயே காவிரியில் சேரும். காவிரி முக்கொம்பில் பிரிந்து, ஒரு பங்கு பூம்புகாரிலும் இன்னொரு பங்கு கொள்ளிடமாகப் பிச்சாவரம் சதுப்பு நிலக் காடுகளுக்குத் தெற்கேயும் வங்கக் கடலை அடையும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இந்த வழியில் சாயத் தண்ணீரும் உப்பும் போவதைத் தடுக்க ஊரே பெரும் பணம் போட்டது. ஆர்.ஓ. வடிகட்டி, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையங்கள் வந்தன. ஆனால் ஜீரோ டிஸ்சார்ஜ் என்பது தண்ணீருக்கு மட்டும்தான். ஃபிளீஸ் (முகத்தில் நார் உயர்த்திய பின்னல் துணி) போன்ற துணியிலிருந்து உதிரும் நார் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மூன்று வழி உண்டு: ரெய்சிங் மெஷினின் (துணியின் முகத்தில் நாரை இழுத்து உயர்த்தும் மெஷின்) காற்றுக்குழாய், சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு, கடைசியாகத் துணியே. மூன்றையும் அடைக்க எங்கள் சாயப்பட்டறையிலும் ஃபினிஷிங் யூனிட்டிலும் செய்தவற்றை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு எழுதுகிறோம்.

நம்மிடம் ஆடை வாங்கும் பையர்கள் நார் உதிர்வுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறார்கள். ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, கடலுக்குள் நேரடியாக நுண்துகளாகவே வந்து சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதிலிருந்து வருகிறது. நம் கணக்குக்கு இதைக் கொண்டுவந்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 1.5 டீனியர் (9,000 மீட்டருக்கு 1.5 கிராம் எடையுள்ள) பாலியெஸ்டர் நாரில் ஒரு கிராம் என்பது 6,000 மீட்டர் நீளம். அது ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைந்தால் 60 லட்சம் துண்டு. பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. அதனால் அது மிதக்காது, மெதுவாக அடியில் இறங்கும். ஆழ்கடல் படிவுகளிலேயே இந்த நார்களை எடுத்திருக்கிறார்கள். அங்கே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. நம் பட்டறையில்தான் பிடிக்க முடியும்.

கோளாறு எங்கே இருக்கிறது என்றால், வேலை நடக்கும் வரிசையில். ஃபிளீஸ் துணி சாயம் போட்டு, அலசி, காய்ந்த பிறகுதான் ரெய்சிங்குக்குப் போகிறது. ரெய்சிங் மெஷினின் கார்டு வயர் (கம்பி முனைகள்) துணியின் லூப்பைப் பிடித்து இழுக்கும்போது நார் உருவி வெளியே வருகிறது, ஒரு பங்கு அறுந்தும் போகிறது. அடுத்து ஷியரிங் கத்தி நுனிகளை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் பாதியை உறிஞ்சி எடுத்தாலும் மீதி, நின்றிருக்கும் நார்களுக்கு இடையில் அப்படியே சிக்கிக் கிடக்கும். அதற்குப் பிறகு துணி தண்ணீரையே பார்ப்பதில்லை. ஸ்டென்டர் (துணியை அகலம் பிடித்து உலர்த்தும் மெஷின்), கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் முடிந்து கண்டெய்னர் ஏறிவிடுகிறது. அந்தத் துணி வாடிக்கையாளர் வீட்டில் முதல் தடவை துவைக்கப்படும்போதுதான் அதிகமாக உதிர்கிறது. அடுத்தடுத்த துவைப்பில் குறைந்துவிடும். ஆகவே அந்த முதல் துவைப்பு, தண்ணீர் வெளியே போகாத நம் பட்டறையில் நடக்க வேண்டும். நாங்கள் செய்த மாற்றங்களில் முக்கியமானது இதுதான். மற்றவை இதற்குத் துணை.

ரெய்சிங்கிலேயே உடைவதைக் குறைத்தால் அலசலில் பாதி வேலை மிச்சம். சாயத்துக்குப் பிறகு கொடுக்கும் சாஃப்ட்னர் குளியலில் ரெய்சிங்குக்கு என்றே விற்கும் வழுக்குப் பொருளைச் சேர்க்க வேண்டும். நார் வழுக்கிக்கொண்டு வந்தால் அறுவது குறையும். ஒரே பாஸில் (மெஷினில் ஒரு ஓட்டம்) அழுத்தி எடுப்பதைவிட, விசையைக் குறைத்துப் பாஸைக் கூட்டுவது நல்லது. மெஷின் நேரம் கூடும்தான், ஆனால் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கான துணி எடை) இழப்பும் குறைவதால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கார்டு வயர் மழுங்கிவிட்டதா என்பதை மெஷினுக்கு அடியில் விழும் பஞ்சே சொல்லிவிடும். வயர் கூர்மையாக இருந்தால் விழும் பஞ்சில் நார் நீளமாக இருக்கும். மாவு மாதிரிப் பொடியாக விழ ஆரம்பித்தால் வயரைச் சாணை பிடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஷியரிங்குக்குப் பிறகு துணியின் இரண்டு பக்கமும் சக்ஷன் பிரஷ் ஓடுவது அவசியம். பல மெஷின்களில் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அடுத்தது டம்ப்ளர் (துணியைச் சூடான காற்றில் புரட்டும் மெஷின்): 60 முதல் 70 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம். தண்ணீரில்லாமல் பிடிக்கக்கூடிய நாரெல்லாம் இங்கேயே பிடிபட்டால்தான் அலசல் தண்ணீர் தாங்கும். டம்ப்ளரின் பஞ்சு வலையை ஒவ்வொரு லோடுக்கும், காற்றுக்குழாயை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் சுத்தம் செய்ய வேண்டும். சூடான குழாயில் சேர்ந்த பஞ்சு தீப்பிடிக்கும் என்பதால் இதில் தயவு தாட்சண்யமே கூடாது.

இந்தக் காற்றெல்லாம் எங்கே போய் முடிகிறது என்று கூரையில் ஏறிப் பார்த்தால் தெரியும். சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பஞ்சைப் பிரிக்கும் கருவி) மட்டும் வைத்த யூனிட்டுகளில் குழாய் வாயைச் சுற்றித் தகரத்தின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு படுக்கை விரித்திருக்கும். ஐப்பசியில் முதல் மழை பெய்தால் அது தாழ்வாரம் வழியே சாக்கடைக்கு இறங்கும். நுண்ணிய நாரை சைக்ளோன் பிடிக்காது. அதற்குப் பிறகு பை வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடைக்குப் போகிறதென்றால் மழைக்காலத்துக்கு முன் கூரையைக் கூட்டி அள்ளிவிட வேண்டும், ஹோஸ் போட்டுக் கழுவவே கூடாது.

இனி அலசல். உயர்த்திய துணியை அப்படியே சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் போட்டால் முகம் நசுங்கும், புதிதாகப் பில்லிங்கும் (நார் உருண்டைகள்) வரும். அதனால் துணியின் ஓரங்களைச் சேர்த்து, ரெய்சிங் முகம் உள்ளே இருக்கும்படி நீளமாகப் பை போலத் தைத்துக்கொள்கிறோம். லிக்கர் ரேஷியோ (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8, நுரை குறைந்த நான்-அயானிக் சோப் லிட்டருக்கு 0.5 கிராம், 40 டிகிரியில் 15 நிமிடம். நாசில் அழுத்தத்தைக் குறைந்த அளவில் வைத்து, ரீலும் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். பிறகு ஒரு குளிர்ந்த அலசல், சாஃப்ட்னர், தண்ணீர் பிழிதல், இழுவையில்லாத ட்ரையரில் உலர்த்தல். படுத்துப்போன நாரை எழுப்ப இலேசாக ஒரு பிரஷ் பாஸ் போதும். இந்த இடத்தில் திரும்பவும் ஷியரிங் கொடுத்தால் செய்த வேலை அத்தனையும் வீண், புதுத் துண்டுகள் உள்ளே போய்விடும். அலசலில் துணி சுருங்கும் என்பதால் நிட்டிங்கிலேயே லூப் நீளத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும். ஷேடும் கொஞ்சம் மாறலாம். அதனால் லேப் டிப்பை (லேபில் சாயம் போட்ட மாதிரித் துணி) அலசிய துணியோடுதான் ஒப்பிட வேண்டும்.

இங்கே அடிக்கடி கேட்கும் குரல் இது: "ஏனுங்ண்ணா, ஃபில்டர்ல பஞ்சு அடைச்சுக்கிச்சு, தண்ணி ஏறலீங்க." சாதாரணச் சாய லாட்டில் வருவதைவிடப் பல மடங்கு பஞ்சு இந்த அலசலில் வருவதால், மெஷினின் லிண்ட் ஃபில்டரை லாட் முடிந்ததும் கழற்றியாக வேண்டும். அதன் பிறகு நடப்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆபரேட்டர் கூடையைத் தரையில் வைத்து ஹோஸ் பைப்பைத் திருப்புவார். பிடித்த பஞ்சு அத்தனையும் தரை வடிகாலில் இறங்கிவிடும். எத்தனை லட்சம் கொட்டி ஃபில்டர் வைத்தாலும் இந்த ஒரு பழக்கம் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். கூடையைக் கவிழ்த்துத் தட்டி, பிளாஸ்டிக் சீவுளியால் வழித்து, மூடியுள்ள டிரம்மில் போட வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மாற்றுக் கூடை வைத்துவிட்டால் ஆபரேட்டருக்கு அவசரம் இருக்காது, ஹோஸையும் தேட மாட்டார். டிரம்மை வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதினால் எந்த மெஷினில் பஞ்சு திடீரென்று குறைகிறது என்று தெரியும். குறைந்தால் வலை கிழிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மெஷினைத் தாண்டுவதைப் பிடிக்க, கழிவுநீர் முதலில் சேரும் சமநிலைத் தொட்டிக்கு முன்னால் கம்பிச் சல்லடைக்குப் பிறகு 0.5 மி.மீ. துளையுள்ள சுழலும் டிரம் ஸ்கிரீன் வைத்தோம். சிலிகான் சாஃப்ட்னர் அதன் மேல் படலமாகப் படிந்து துளையை மூடிவிடும். அப்படி ஆனால் தண்ணீர் மேலே வழிந்து பைபாஸில் போகும். வெந்நீரும் காரமும் சேர்த்து வாரம் ஒருமுறை தேய்த்தால் இது வராது. 0.5 மி.மீ. துளையிலும் மெல்லிய நார் நுழையும்தான். பயலாஜிக்கல் தொட்டியில் பாலியெஸ்டரைத் தின்ன எந்த நுண்ணுயிரும் இல்லை, எனவே அது சேற்றோடு படியும். மீதி பம்ப் இம்பெல்லரிலும், மெம்பிரேன் பயோரியாக்டர் வைத்தவர்களுக்கு அதில் தண்ணீரை வடிக்கும் ஹாலோ ஃபைபர் கற்றைகளிலும் பின்னல் பின்னலாகச் சுற்றிக்கொள்ளும். முன்னாலேயே பஞ்சைப் பிடிப்பது கடலுக்கு எவ்வளவு நல்லதோ, அவ்வளவு உங்கள் மெம்பிரேனுக்கும் நல்லது.

ஆக நார் எல்லாம் கடைசியில் சேருமிடம் சேறு. ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து வந்த சேற்றுக் கேக்கைத் திறந்த வெளிப் படுகையில் காயப்போட்டால், வடகிழக்குப் பருவமழை அதைக் கரைத்துத் திரும்ப ஓடைக்கே கொடுத்துவிடும். கூரையும் சுற்றுத் திண்டும் உள்ள இடத்தில், கசியாத தரையில் வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் இது 35.3 என்ற பிரிவில் வருகிறது. 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புவதே எங்களுக்குச் சரியான வழியாகப் படுகிறது, ஏனென்றால் 1,400 டிகிரியைத் தாண்டும் சூளையில் நார் நாராக இருக்காது. புதைகுழிக்குப் போனால் நார் அழியாமல் அங்கேயே கிடக்கும். லாரி கிளம்பும்போது படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் சீட்டு) ஏழு நகலாகப் போகும். அதில் பெறுபவர் நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய நீல நகல் வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் சேறு எங்கே போனது என்பதற்கு நம் கையில் ஆதாரம் இல்லை. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கும் சிறு பட்டறைகள் சேறு போகுமிடத்தை நிர்வாகக் கூட்டத்தில் கேட்க வேண்டும். அதற்கான செலவு உறுப்பினர்களுடையது, கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.

மாற்றம் பலன் தந்ததா என்று பார்க்க, வெளி லேபுக்கு அனுப்பும் முன் பட்டறை லேபிலேயே ஒப்பிடலாம். வாஷ் ஃபாஸ்ட்னஸ் (துவைத்தால் சாயம் நிற்கிறதா என்று) பார்க்கும் மெஷின் எல்லா லேபிலும் இருக்கிறது. துணியை 10 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். வெட்டிய ஓரம் திறந்திருந்தால் அங்கிருந்து உதிர்வதே கணக்கைக் கெடுத்துவிடும். 1,200 மில்லி பாத்திரத்தில் 360 மில்லி தண்ணீர், 50 எஃகுக் குண்டு, 40 டிகிரி, 45 நிமிடம். அந்தத் தண்ணீரை, காயவைத்து எடை பார்த்த 1.6 மைக்ரான் கண்ணாடி நார் வடிதாளில் வாக்குவம் போட்டு வடித்து, பாத்திரத்தையும் குண்டுகளையும் அலசிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றி, திரும்பக் காயவைத்து நான்கு தசம இடம் காட்டும் தராசில் எடை பார்க்க வேண்டும். வித்தியாசத்தைத் துணியின் எடையால் வகுத்து, ஒரு கிராம் துணிக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியில்லாமல் ஒரு பாத்திரம் ஓட வேண்டும். லேபில் பறக்கும் தூசி எவ்வளவு என்று அதுதான் காட்டும். அலசாத துணி நான்கு துண்டு, அலசிய துணி நான்கு துண்டு என்று ஒரே நாளில் போட்டால்தான் ஒப்பீடு நிற்கும். பையருக்குக் கொடுக்கும் ரிப்போர்ட், நார் உதிர்வை அளக்கும் ஏ.ஏ.டி.சி.சி. டி.எம். 212 அல்லது ஐ.எஸ்.ஓ. 4484-1 முறையில் வெளி லேபில் எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டு முறையின் எண்களையும் கலந்து ஒப்பிட வேண்டாம்.

துணி வடிவமைப்பிலும் கொஞ்சம் செய்யலாம். குட்டை நார் நூலைவிட ஃபிலமென்ட் குறைவாக உதிரும். லூஸான நிட்டிங்கைவிட நெருக்கமானது தாங்கும். கட்டிங் ஓரங்களைத் திறந்து விடாமல் ஓவர்லாக் போட வேண்டும். பருத்தித் துணிக்குச் செல்லுலேஸ் என்சைம் பாலிஷ் நல்ல பலன் தரும்.

செலவு விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது. ரெய்சிங்குக்குப் பிந்தைய அலசல், உலர்த்தல், சேறு அனுப்பும் கட்டணம் மூன்றையும் காஸ்டிங் ஷீட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று தனி வரியாகவே போடுங்கள். பிராசஸிங் ரேட்டுக்குள் ஒளித்து வைத்தால், அடுத்த ஆர்டரில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) ரேட்டைக் குறைக்கச் சொல்லும்போது ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்பவர் யாருக்கும் சொல்லாமல் முதலில் விடுவது இந்த அலசலைத்தான். தனி வரியாக இருந்தால் அதை எடுக்கச் சொல்லிப் பையரே எழுத்தில் கேட்க வேண்டிவரும். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்ட பையர் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்.