படம் பார்த்து நீலக்கல் வாங்கியது: மூன்றாவது கல் வரை

முதல் கல் வந்த அன்று பொட்டலத்தைப் பிரித்ததும் மனசு விட்டுப்போனது. படத்தில் முழுக்க ஆழ்ந்த நீலம். கையில் எடுத்தால் ஓரத்தில் மட்டும் நிறம், நடுவில் தண்ணீர் மாதிரி வெளுப்பு. செய்தித்தாள் மேல் வைத்தேன், கல்லின் வழியே அடியில் இருந்த எழுத்து தெரிந்தது. இதைத்தான் 'விண்டோ' என்கிறார்கள். மேலிருந்து விழும் ஒளி கண்ணுக்குத் திரும்பி வராமல் அடிவழியே போய்விடும். கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். நடுவில் தெரிந்த அந்தக் கறுப்பைத்தான் நான் ஆழ்ந்த நிறம் என்று எடுத்துக்கொண்டேன்.

விற்றவர் அளவை மறைக்கவில்லை. 8×6×2.6 மி.மீ. என்று எழுதியிருந்தார். கடைசி எண்ணை நான்தான் கவனிக்கவில்லை. உயரம் அகலத்தில் 43 சதவீதம்தான். நீலக்கல்லுக்கு 60 முதல் 80 வரை வேண்டும், உயரம் குறைந்தால் இப்படி ஒளி அடிவழியே போய்விடும். இப்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது கல்லில் நிறம் ஏமாற்றியது. விரல்களுக்கு நடுவே பிடித்த படம்தான், ஆனால் விரல்களே நீலம் பாய்ந்து இருந்ததை அப்போது பார்க்கவில்லை. தோல் இயல்பான நிறத்தில் இல்லையென்றால் கல்லின் நிறமும் நிஜமில்லை. வந்த கல் சாம்பல் கலந்த மங்கல் நீலம்.

விவரங்களில் 'ராயல் ப்ளூ' மாதிரி பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறேன், ஆய்வக அறிக்கையில் இல்லாவிட்டால் அவை விற்பவர் வைக்கும் பெயர்கள்தான். 'சூடாக்காதது' என்ற சொல்லில் மட்டும் நிற்பேன். இலங்கையின் பால் நிறக் கியூடா கற்களைச் சூடாக்கி நீலமாக்குவது 1970களிலிருந்து நடக்கிறது. சூடாக்கிய கல் மட்டமில்லை, ஆனால் விலை வேறு. ஆய்வக அறிக்கை இல்லாமல் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் பணம் தர மாட்டேன்.

மூன்றாவது, இலங்கையின் இரத்தினபுரிக் கல். 8×6×4.1 மி.மீ., 1.6 கேரட். பகலில் நிழலில் உள்ளங்கையில் வைத்து, மெதுவாகத் திருப்பி, ஒரு வீடியோ அனுப்பச் சொன்னேன். பக்கவாட்டிலிருந்தும் கேட்டேன். அங்கே பட்டை தீட்டுபவர்கள் நிறத்தை அடிநுனியில் நிற்கும்படி வைப்பதுண்டு, அப்போது மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலமாகத் தெரியும். இந்தக் கல்லும் அப்படித்தான். அது குறையில்லை, தீட்டியவரின் கைத்திறன். வாங்கிவிட்டேன்.

நேற்று மாலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். செய்தித்தாளில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.