கடற்காகம் பறக்கும் பீங்கானில் சோறும் சொதியும்

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் எந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலும், வெளிர்நீலத்தில் வெள்ளைக் கடற்காகங்கள் பறக்கும் பீங்கான்கள் அடுக்கடுக்காக இருக்கும். விளிம்பில் பொன் கோடு. ‘மோவஸ்டெல்’ என்பார்கள். 1980களில் எங்கள் சனம் அகதிகளாக வந்து ஹெர்னிங், ஹோல்ஸ்டப்ரோ பக்கம் குடியேறிய காலத்தில் இவை டேனிஷ் வீடுகளின் கண்ணாடி அலுமாரியில் வீற்றிருந்தன. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கின்றன.

1892 அளவில் ஃபேனி கார்டே என்ற பெண் ஓவியர், பிங் அண்ட் கிரோண்டால் நிறுவனத்துக்காக வடிவமைத்தது இது. தேசியப் பீங்கான் என்று சொல்லும் அளவுக்கு ஒரு காலத்தில் வீடுகளில் பரவியிருந்தது. முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் வாங்கியவர்கள் குறைவு. பிறந்தநாளுக்கு ஒன்று, கல்யாணத்துக்குச் சில என்று, எங்களூர்த் தாய்மார் மகளுக்கு நகை சேர்ப்பதுபோலச் சேர்த்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா சேர்த்ததும் அப்படித்தான். அவருடைய பிள்ளைகளுக்கு அது வேண்டாம். பொன் விளிம்பு மைக்ரோவேவில் பொறி பறக்க வைக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தேயும். கையால் கழுவ யாருக்கு நேரம்? முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் எங்களுக்கு விற்றார். சும்மா தர அவருக்கும் மனமில்லை, சும்மா வாங்க எனக்கும் மனமில்லை.

தட்டையான பீங்கான் நமக்குச் சரிவராது. சொதி விளிம்புக்கு ஓடிவிடும். சூப்புக்கென்று செய்த குழிப் பீங்கான்தான் சோற்றுக்கு அளவெடுத்ததுபோல இருக்கிறது. மஞ்சள் பிடித்துவிடும் என்று மாமி பயந்தார். கடும் சூட்டில் சுட்ட பீங்கானில் கறை ஊற நுண்துளை இல்லை. மேற்பூச்சு வெடித்த இடம் இருந்தால்தான் ஆபத்து. விருந்தாளிக்கென்று நான் ஒன்றையும் ஒதுக்கவில்லை. தினமும் கையால் குழைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

கடையில் வாங்குபவர்கள் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மூன்று கோபுரங்கள் இருந்தால் பிங் அண்ட் கிரோண்டாலின் முத்திரை. அதன் மேல் கீறல் இருந்தால் இரண்டாந்தரம். பாவனைக்குக் குறைவில்லை, விலைதான் குறைய வேண்டும். பிறகு விரலால் சுண்டுங்கள். மணிபோல ஒலிக்காமல் மொத்தென்றால் எங்கோ விரிசல் இருக்கிறது.

பொரித்த மீன் பரிமாற ஒரு நீள்வட்டத் தட்டு தேடுகிறேன். அதற்கு மட்டும் கடைக்காரர்கள் இன்னும் பழைய காலத்து விலையே கேட்கிறார்கள்.