பெங்ஹுலுவைப் படித்த விதம்: எஸ்.டி.பி.எம். வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு வரலாற்றை எடுப்பவர்கள், சுல்தானுக்கு ஆலோசகராக அமர்ந்த பிரிட்டிஷ் ரெசிடென்டையும் சுல்தானையும் மாநில மன்றத்தையும் ஊன்றிப் படித்துவிட்டு, முக்கிம் எனப்படும், பல கிராமங்கள் அடங்கிய சிறு வட்டத்தின் அளவில் ஆட்சியை உண்மையில் நடத்திய தலைவரான பெங்ஹுலுவை இரண்டு வரியில் கடந்துவிடுவது வழக்கம். சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் படித்து, பின்னர் அதே மண்டபத்தில் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், நாங்கள் இந்தப் பகுதியைப் படித்த விதத்தை எழுதுகிறேன்.

பெங்ஹுலுவின் கடமைகளைப் பட்டியலாக மனனம் செய்தால் அது ஒரே ஒரு வகைக் கேள்விக்குத்தான் உதவும். ஆகவே நோட்டுப் புத்தகத்தின் நடுவே கோடு போட்டு, பேராக்கில் ரெசிடென்ட் முறைக்கு வழிவகுத்த 1874 பாங்கோர் உடன்படிக்கைக்கு முன், பின் என்று பிரித்து, இரு பக்கமும் ஒரே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டோம்: அவரை நியமித்தவர் யார், அவருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது, அவர் யாருக்குப் பதில் சொன்னார்?

முன்பக்கம் விரைவில் நிரம்பிவிடும். ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்திலிருந்து வந்த பெங்ஹுலு, மாவட்டப் பெருந்தலைவருக்குக் கட்டுப்பட்டவராக, வரி வசூலித்து, கெரா எனப்படும் கட்டாய உழைப்புக்கு ஆள் திரட்டி, சில்லறை வழக்குகளைத் தீர்த்து வைத்தார். வசூலில் கிடைத்த பங்குதான் அவருடைய பிழைப்பு.

பின்பக்கத்தில்தான் நிதானம் வேண்டும். பேராக்கின் முதல் ரெசிடென்ட் பர்ச், வரி வசூலைத் தலைவர்களின் கையிலிருந்து பிடுங்க முனைந்து, 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877 முதல் 1889 வரை அதே பதவியில் இருந்த ஹியூ லோ, பழைய தலைவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பெங்ஹுலுவாக நியமித்து, வசூலில் ஒரு பங்கை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். பிடுங்கியவர் மடிந்தார், பங்கு கொடுத்தவர் நிலைத்தார் என்ற இந்த ஒப்பீட்டை வைத்தே ஒரு கட்டுரையின் பாதியை எழுதிவிடலாம். ஆயினும், பங்கு கையில் கிடைத்தாலும் நியமனம் அரசின் தௌலியாக் கடிதத்தில், அதாவது நியமன ஆணையில், வந்தது என்பதையும், காலப்போக்கில் பங்கு நிலையான சம்பளமாக மாறியது என்பதையும், நில வரி, நிலப் பதிவு, பிறப்பு இறப்புத் தகவல், மலாய்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பச் செய்வது ஆகிய அனைத்துக்கும் அவர் மாவட்ட அதிகாரிக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும். "பிரிட்டிஷார் பெங்ஹுலுவின் அதிகாரத்தைப் பறித்தனர்" என்று மொட்டையாக எழுதுவது பாதி உண்மைதான். முக்கிமுக்குள் அவருடைய கை பல வகையில் முன்னைவிட நீண்டது, அதை அசைத்த தலை மட்டும் வேறு.

எதிர்ப்பு பற்றிய கேள்விக்கு இரண்டு சான்றுகள் கைவசம் இருக்கட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்டபோது, 1831–32இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் போரிட்ட டோல் சயிட் தாமே ஒரு பெங்ஹுலு. தோற்றபின் கம்பெனியின் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். 1915இல் கிளந்தானின் பாசிர் பூத்தேயில் தோக் ஜங்குட் தலைமையில் எழுந்த கலகத்துக்குப் புதிய நில வரி மட்டுமன்றி, வெளியூரிலிருந்து வந்து அமர்ந்த மாவட்ட அதிகாரியால் உள்ளூர்ப் பிரமுகர் செல்வாக்கிழந்ததும் காரணம். மூன்று கேள்விகளையும் இவ்விரண்டிலும் பொருத்திப் பாருங்கள். காரணங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபட இன்னொரு வழியும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத் தலைவரை முன்சீப்பாக்கி, பத்து ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தந்தது. அங்கும் பரம்பரைத் தலைவர் சர்க்காரின் ஆளாக மாறியதே நடந்தது. இங்கே மலாயாத் தோட்டங்களில், காலையில் ஆட்களை எண்ணும் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்குக் கொடுத்த, தொழிலாளரை மேற்பார்த்த பெரிய கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு கிடைத்தது. பாட்டி சொன்ன கங்காணிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மாணவிக்கு, மேலிடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு கீழே அதட்டும் ஒரு மனிதரைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் கேள்வி மலாய் மாநில நிர்வாகம் பற்றியதாக இருந்தால் முன்சீப்பையும் கங்காணியையும் விடைத்தாளுக்குள் கொண்டுவராதீர்கள்; கங்காணி தோட்ட நிர்வாகத்தின் ஆள், அரசு நியமித்த அதிகாரி அல்லர், ஆகவே அந்த இடத்தில் அவர் பொருந்தமாட்டார்.

நாங்கள் மலாயில் விடை எழுதியதால், பெங்ஹுலு, முக்கிம், கெரா, தௌலியா ஆகியவற்றைத் தமிழில் புரிந்துகொண்டு மலாயில் வாக்கியம் அமைத்துப் பழகினோம். தேர்வுக்கு முன் நேரம் குறைவாக இருந்தால் லோவின் காலத்தை முதலிலும் 1915ஐ அடுத்தும் படியுங்கள். நானிங்கைக் கடைசி நாளில் ஒருமுறை புரட்டினால் போதும்.